திருத்த முடியாத மென்பொருள்

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்குள் இருக்கும் மென்பொருளுக்கு அப்டேட் கிடையாது. ஒரே ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய சிப்பில் அது தொழிற்சாலையிலேயே பதிக்கப்படுகிறது. அதன் பிறகு அதைச் செய்தவர்களே நினைத்தாலும் ஒரு வரியை மாற்ற வழியில்லை. இணையம், வைஃபை, புளூடூத் என்று வெளியுலகத் தொடர்பும் அதற்கு இல்லை. பிழை இருந்தால், இயந்திரம் உயிரோடு இருக்கும் வரை அந்தப் பிழையும் இருக்கும். கைப்பேசிச் செயலிகள் வாரந்தோறும் புதுப்பிக்கச் சொல்லி நச்சரிக்கும் காலத்தில் இது விசித்திரமாகப் படலாம். ஆனால் 1980களில் வீட்டுக்குள் வந்த மென்பொருளில் பெரும்பகுதி இப்படித்தான் இருந்தது. வீடியோ கேம் கேட்ரிட்ஜும் இதே இனம்.

இந்த இயந்திரத்தின் கதையில் ஸ்ரீரங்கத்துக்கு ஒரு பங்கு உண்டு. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இதன் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் முக்கியப் பொறுப்பு வகித்தவர் எஸ். ரங்கராஜன், தமிழ் வாசகர்களுக்கு சுஜாதா. 1935இல் திருவல்லிக்கேணியில் பிறந்தாலும் அவர் வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். அங்கே ஆண்கள் உயர்நிலைப் பள்ளி, பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், அதன் பின் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல். அப்துல் கலாம் படித்ததும் அதே கல்லூரி, அதே எம்.ஐ.டி. சுஜாதாவின் முதல் கதையை வெளியிட்டதும் திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த 'சிவாஜி' பத்திரிகைதான். வாக்கு இயந்திரத்தை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று திருச்சிப் பக்கம் பெருமையாகச் சொல்வதுண்டு, அது மிகை. ஹைதராபாத்தின் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா 1979இல் ஒரு மாதிரியை உருவாக்கியிருந்தது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் பிறகு சேர்ந்தது. இரு நிறுவனங்களிலும் பல பொறியாளர்களின் உழைப்பு அதில் இருக்கிறது.

முதல் சோதனை 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச் சாவடிகளில் நடந்தது. தோற்ற வேட்பாளர் வழக்குத் தொடர்ந்தார். 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாவடிகளில் மறுதேர்தல் நடத்தச் சொன்னது. இயந்திரம் தவறாக எண்ணியது என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. இயந்திரத்தால் வாக்குப் பதிவு செய்ய அன்றைய சட்டத்தில் இடமில்லை, அவ்வளவுதான். சட்டத்தைத் திருத்த 1988 டிசம்பர் ஆயிற்று. நடைமுறைக்கு வர இன்னும் பத்தாண்டு. 1998இல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி ஆகிய மூன்று இடங்களில் 16 தொகுதிகள். 2001இல் தமிழ்நாடு முழுவதும். 2004 மக்களவைத் தேர்தலில் 543 தொகுதிகளிலும்.

திருத்தவே முடியாது என்று தெரிந்துகொண்டு மென்பொருள் எழுதுகிறவர் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இந்தப் புரோகிராமுக்கு எதெல்லாம் தெரியத் தேவையில்லை என்பது. வாக்கு இயந்திரத்தின் அடிப்படை வடிவமைப்பில் இதற்கு அழகான விடை இருக்கிறது. அதற்கு வேட்பாளர் பெயர் தெரியாது, கட்சி தெரியாது, தொகுதி தெரியாது. ஒன்றாம் பொத்தான், இரண்டாம் பொத்தான் என்று எண்கள் மட்டுமே தெரியும். பெயரும் சின்னமும் பொத்தான்களுக்குப் பக்கத்தில் செருகப்படும் காகிதத்தில் இருக்கின்றன. வேட்பாளர் வரிசை முடிவாவது வேட்பு மனு வாபஸ் பெறும் நாள் கழிந்த பிறகு. ஆகவே பல ஆண்டுகளுக்கு முன் சிப்பை எழுதியவருக்கு, ஸ்ரீரங்கத்தில் மூன்றாவது பொத்தான் யாருடையதாக இருக்கும் என்று ஊகிக்க வழியில்லை. 2013இல் உச்ச நீதிமன்றம் 'நோட்டா' வேண்டும் என்று உத்தரவிட்டபோதும் மென்பொருளைத் தொட வேண்டியிருக்கவில்லை. கடைசி வேட்பாளருக்கு அடுத்த பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு பெயரை அச்சடித்ததோடு வேலை முடிந்தது.

சாவடிக்குள் நடப்பதும் எளியதே. அலுவலர் தன் மேசையில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு பொத்தானை அழுத்துகிறார். ஐந்து மீட்டர் ஒயருக்கு அந்தப் பக்கம், மறைப்புக்குள் இருக்கும் வாக்குக் கருவியில் பச்சை விளக்கு எரிகிறது. வாக்காளர் நீலப் பொத்தானை அழுத்தினால் சின்னத்துக்கு அருகே சிவப்பு விளக்கு, கூடவே நீளமான 'பீப்'. அதற்குமேல் எத்தனை முறை அழுத்தினாலும், அலுவலர் அடுத்தவருக்குத் திறந்துவிடும் வரை இயந்திரம் அசையாது. பழைய இயந்திரங்களில் நிமிடத்துக்கு ஐந்து வாக்குகளுக்கு மேல் பதிவாகாது. இந்த வேகத்தடை தற்செயலானதல்ல. சாவடியைக் கைப்பற்றும் கும்பல், காகிதச் சீட்டு என்றால் கட்டுக் கட்டாக முத்திரை குத்திப் பெட்டியில் திணித்துவிடும். இயந்திரத்தில் 300 கள்ள வாக்கு போட ஒரு மணி நேரம் அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும். அதற்குள் போலீஸ் வந்துவிடலாம், அலுவலர் இயந்திரத்தை மூடியும் விடலாம். ரவுடித்தனத்துக்கு ஒரு டைமரைப் பதிலாக வைத்த இந்த யோசனையை நல்ல பொறியியல் என்று தாராளமாகச் சொல்லலாம்.

மாற்ற முடியாததற்கு விலையும் உண்டு. ஒரு வாக்குக் கருவியில் 16 பொத்தான்கள். பழைய மாதிரிகளில் நான்கு கருவிகளைத்தான் கோக்க முடியும், அதாவது 64 பெயர்கள். 1996இல் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு வாக்குச் சீட்டையே புத்தகமாக்கினார்களே, அப்படி ஒரு தொகுதிக்கு இந்த இயந்திரம் கைகொடுத்திருக்காது. 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் விலை கேட்டுக் கூட்டமாக மனுத் தாக்கல் செய்து, களத்தில் 185 பேர் நின்றார்கள். சாவடிக்குப் பன்னிரண்டு கருவிகளைக் கோத்துத் தேர்தல் நடந்தது. 24 கருவிகள் வரை ஏற்கும் புதிய தலைமுறை இயந்திரம் வந்திருந்ததால்தான் அது முடிந்தது. அந்த வரம்பை உயர்த்தப் பழைய இயந்திரத்துக்கு ஓர் அப்டேட் அனுப்பினால் போதும் என்ற வசதி இல்லை. புதிய இயந்திரங்களையே செய்ய வேண்டியிருந்தது.

அனுப்பும் முன்பே சரிபார்த்துவிடும் ஒழுக்கம் திருச்சிக்காரர்களுக்குப் புதிதல்ல. திருவெறும்பூர் பெல் ஆலையில் கொதிகலன் குழாய்களின் வெல்டிங் இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். மின் நிலையத்தில் நிறுவி, நீராவி ஏறிய பிறகு விரிசல் கண்டு பயனில்லை.

வீடியோ கேம் தொழிலும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்த நிலையில்தான் ஓடியது. 1977இல் வந்த அட்டாரி 2600க்கு இருந்த தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். முழு விளையாட்டும் பெரும்பாலும் நான்கு கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைப்போலப் பல மடங்கு பெரியது. சிப்புகள் ஆயிரக்கணக்கில் அடித்து, பெட்டியில் அடைத்து, கடைக்குப் போய்விட்டால் பிழையும் கூடவே போகும். 1980இல் ஜப்பானில் பிறந்த 'பேக்மேன்' விளையாட்டில் அப்படி ஒரு பிழை இருந்தது. கட்டத்தின் எண்ணை அது எட்டு பிட்டுகளில் வைத்திருந்தது. எட்டு பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 255. யாராவது 256ஆம் கட்டம் வரை வந்தால் எண் சுழன்று பூஜ்யமாகிவிடும். திரையின் அடியில் பழங்களை வரையும் பகுதி குழம்பிப்போய், வலப்பக்கப் பாதித் திரையைக் கண்டபடி எழுத்துகளால் நிரப்பிவிடும். அதற்கு மேல் ஆட முடியாது. அத்தனை கட்டம் யார் தாண்டப் போகிறார்கள் என்று எழுதியவர்கள் நினைத்திருக்க வேண்டும். தாண்டினார்கள்.

அவசரத்தின் உதாரணம் அட்டாரியின் 'ஈ.டி.' ஸ்பீல்பெர்க் படத்தின் புகழைக் காசாக்க 1982 கிறிஸ்துமஸுக்குள் கடைக்கு வரவேண்டும் என்பதால் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா அதைச் சுமார் ஐந்து வாரத்தில் எழுதினார். ஆடுகிறவர் ஓயாமல் குழிக்குள் விழுந்துகொண்டே இருந்தார். எழுதியவருக்கோ அதைச் சரிசெய்ய இரண்டாம் வாய்ப்பு இல்லை. விற்காத கேட்ரிட்ஜுகளை மற்றவற்றோடு சேர்த்து 1983இல் நியூ மெக்சிகோ பாலைவனக் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் தோண்டியபோது கிடைத்தன.

இணையம் வந்து இந்தக் கணக்கை மாற்றியது. விற்ற பிறகும் திருத்தலாம் என்றானதும், விற்பதற்கு முன் திருத்தும் கட்டாயம் தளர்ந்தது. 'சைபர்பங்க் 2077' எட்டு ஆண்டு விளம்பரத்துக்குப் பின் 2020 டிசம்பரில் வெளிவந்தது. பழைய பிளேஸ்டேஷனில் அது அடிக்கடி உறைந்து நின்றது. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. பிறகு வந்த பேட்ச்களால் அது நல்ல விளையாட்டாகத் தேறியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்கியவர்கள்தான் சம்பளமில்லாத டெஸ்டிங் ஊழியர்களாக வேலை பார்த்தார்கள்.

திருச்சி உருவாக்கும் மென்பொருள் ஆட்களும் இன்று இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். 1964இல் வட்டாரப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003இல் என்.ஐ.டி. ஆன கல்லூரி பல தலைமுறைப் புரோகிராமர்களை வெளியூருக்கு அனுப்பியது; டாடா குழுமத் தலைவர் என். சந்திரசேகரன் எம்.சி.ஏ. படித்தது அங்கேதான். ஊருக்குள்ளேயே வேலை தரும் முயற்சியாக 2010இல் நவல்பட்டில் எல்காட் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. 2025 பிப்ரவரியில் பஞ்சப்பூரில் டைடல் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய அலுவலகங்களின் பேச்சு ஸ்பிரிண்ட், ரிலீஸ், ஹாட்ஃபிக்ஸ் என்று போகும். இரண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ், அதில் உடைந்ததை ஒட்ட இரவோடு இரவாக ஒரு ஹாட்ஃபிக்ஸ். இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. வங்கிச் செயலியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் அன்றைக்கே அடைத்தாக வேண்டும். திருத்த முடியாத சிப்பில் வங்கி நடத்த முடியாது.

சிக்கல் எங்கே என்றால், திருத்தும் வழியே கோளாறு வரும் வழியாகவும் ஆகிவிடுகிறது. 2024 ஜூலை 19 அன்று இந்திய நேரப்படி காலை 9.39க்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சிறிய அப்டேட்டை அனுப்பியது. அந்தக் கோப்பு 21 தகவல்களை எதிர்பார்த்தது, மென்பொருள் கொடுத்தது 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப் போன விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சுமார் 85 லட்சம். இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். 78 நிமிடத்தில் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றாயிற்று. பயன் அரைகுறைதான். விழுந்த கணினி இணையம் வரை எழுந்து வந்தால்தானே திருத்தத்தை வாங்கிக்கொள்ளும்? ஆட்கள் கணினி கணினியாகப் போய்க் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு விளைவு விளையாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நிறுவனத்தின் சர்வரை நம்பி ஓடும் விளையாட்டு, சர்வர் நின்றால் நிற்கும். யூபிசாஃப்ட் 2014இல் விற்ற 'தி க்ரூ' கார் பந்தயத்தின் சர்வர்களை 2024 மார்ச் இறுதியில் அணைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் ஓடாத வட்டுதான் மிஞ்சியது. 1990களில் தமிழ்நாட்டு வீடுகளில் 'டிவி கேம்' என்ற பெயரில் இருந்த போலி நின்டெண்டோ பெட்டியில், மஞ்சள் கேட்ரிட்ஜைச் செருகினால் மரியோ இன்றைக்கும் குதிப்பார்.

ஆனால் மாற்ற முடியாதது என்பதாலேயே ஒன்று நம்பத்தக்கதாகிவிடாது. சிப்பில் எழுதப்பட்ட புரோகிராமைச் சாதாரண வாக்காளர் படித்துப் பார்க்க முடியாது. 2010இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கொங்ரைப் ஆகியோர் ஓர் உண்மையான இந்திய இயந்திரத்தை எடுத்து, மென்பொருளைத் தொடாமலே, முடிவைக் காட்டும் பலகையை மாற்றிவைத்துப் பொய்யான எண்களைக் காட்டச் செய்தார்கள். இயந்திரம் கைக்குக் கிடைத்து, திறக்கவும் முடிந்தால் இது சாத்தியம் என்பது அவர்கள் வாதம். எங்கள் காவலிலும் முத்திரையிலும் அது நடக்காது என்பது தேர்தல் ஆணையத்தின் பதில். இந்தச் சண்டைக்கு மென்பொருளால் தீர்வு வரவில்லை, காகிதத்தால் வந்தது. 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் தொடங்கி, 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளுக்கும் வந்த விவிபேட் கருவி, வாக்களித்த சின்னத்தைச் சீட்டில் அச்சடித்துக் கண்ணாடிக்குப் பின்னால் காட்டுகிறது. இதற்குள் சின்னங்களை ஒவ்வொரு தேர்தலிலும் ஏற்ற வேண்டும். சின்னம் தெரியாமல் இருந்ததே பழைய இயந்திரத்தின் பலம். அது இங்கே கொஞ்சம் தளர்கிறது. 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பழைய வாக்குச் சீட்டுக்குத் திரும்ப மறுத்தாலும், சின்னம் ஏற்றும் கருவிகளுக்கு முத்திரையிட்டு முடிவு வந்த பிறகும் 45 நாள் பாதுகாக்கச் சொன்னது.

அந்தச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரியும், பிறகு தானே அறுந்து பெட்டிக்குள் விழும். பலர் 'பீப்' கேட்டதும் திரும்பிவிடுகிறார்கள். நின்று பார்த்துவிட்டு வர வேண்டும்; வாக்காளர் தானே செய்யக்கூடிய டெஸ்டிங் அது ஒன்றுதான்.