செவ்வாய்க்குப் போக ஒரு பெருக்கல் கணக்கு



2007 அக்டோபர் 10ஆம் தேதி விண்வெளிக்குப் புறப்பட்ட நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டத்தோ டாக்டர் ஷேக் முஸாபார் பற்றிப் படிநிலை 2 மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள். "டீச்சர், அவரு நல்லபடியாதானே திரும்பி வந்தாரு? அப்போ செவ்வாய்க்கு ஏன் யாரும் இன்னும் போகல?" என்று ஒருவராவது கேட்பார். தூரம், காற்று, உணவு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு: அண்டக் கதிர்வீச்சு.

மழையை வைத்தே விளக்கலாம். கோத்தா திங்கியில் மழைக்குப் பஞ்சமில்லை. வெடித்துச் சிதறிய விண்மீன்களிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் நிற்காத தூறல் மாதிரி. சூரியன் சீறும்போது வரும் துகள்கள் திடீர் அடைமழை. தரையில் நமக்குக் காந்தப்புலம் என்ற குடையும் வளிமண்டலம் என்ற கூரையும் இருக்கின்றன. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அனைத்துலக விண்வெளி நிலையத்தில் கூரை இல்லை, குடை உண்டு. செவ்வாய்க்குப் போகும் வழியில் இரண்டுமே இல்லை.

இப்போது வெண்பலகையில் கணக்குப் போடலாம். உடல் ஏற்கும் கதிர்வீச்சின் பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள்.

- தரையில்: இயற்கையாகக் கிடைப்பது, உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4.
- விண்வெளி நிலையத்தில்: நாளுக்குச் சுமார் 0.5. ஷேக் முஸாபார் போய் வந்தது 11 நாள். 0.5 × 11 = 5.5. தரையில் இரண்டு ஆண்டுக்குச் சற்று அதிகமாகக் கிடைப்பது, அவ்வளவுதான்.
- செவ்வாய்ப் பாதையில்: 2011–2012இல் கியூரியோசிட்டியோடு சென்ற கருவி அளந்தது நாளுக்குச் சுமார் 1.8. போக ஆறு மாதம், வர ஆறு மாதம் என்றால் 1.8 × 360 = 648.

ஒரு வீரர் தம் பணிக்காலம் முழுவதும் 600ஐத் தாண்டக் கூடாது என்பது நாசாவின் வரம்பு. செவ்வாயில் தங்கும் நாள்களைச் சேர்க்காமலேயே தாண்டிவிட்டது!

உடலுக்கு என்ன ஆகும்? துகள்கள் உயிரணுவுக்குள் புகுந்து டிஎன்ஏவைச் சிதைக்கின்றன. உடல் பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும். தப்பாகச் சரிசெய்தால் பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் வரலாம். கண்புரை வரும் வாய்ப்பும் கூடும். அடைமழையின் ஆபத்து உடனடியானது. 1972 ஆகஸ்டில் பெரிய சூரியப் புயல் வீசியது. அப்பல்லோ 16 ஏப்ரலிலேயே திரும்பிவிட்டது. அப்பல்லோ 17 டிசம்பரில்தான் கிளம்பியது. அப்போது யாராவது நிலவில் நடந்துகொண்டிருந்தால் வாந்தி, இரத்த அணுக் குறைவு என்று கடுமையாக நோய்ப்பட்டிருக்கலாம்.

"தடிப்பா இரும்புச் சுவர் கட்டலாமே டீச்சர்?" நல்ல கேள்வி. ஆனால் அண்டக் கதிர் உலோகத்தில் மோதினால் மேலும் பல துகள்கள் சிதறும். ஹைட்ரஜன் நிறைந்த தண்ணீரும் பாலித்தீனும் அதைவிட மேல். இவற்றால் சூழப்பட்ட சிறு அறைக்குள் ஒதுங்கினால் அடைமழையைச் சமாளிக்கலாம். தூறலை முழுதாக நிறுத்தத்தான் இன்னும் வழி கிடைக்கல. அதனால் பயண நாளைக் குறைப்பதும் ஒரு பாதுகாப்பே.

பாட முடிவில் இரண்டு உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள்:

1. 600க்குள் அடங்க, பயணம் அதிகபட்சம் எத்தனை நாள் இருக்கலாம்? (விடை: 333)
2. வரம்புக்குள் இருந்தால் ஆபத்தே இல்லையா?

இரண்டாவதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். 600 என்பது ஆபத்து தொடங்கும் கோடு இல்லை. இதற்கு மேல் ஒருவரை அனுப்பக் கூடாது என்று மனிதர்கள் முடிவு செய்த கோடு. "நீ போவியா? ஏன்?" என்று கேட்டுவிட்டு, அவர்களைப் பேச விடுங்கள்.