முற்றத்துக் கோலும் நண்பகல் நிழலும்



நண்பகலில் கதிரவன் தலைக்கு நேர் மேலே நிற்கும். நிழல் காலடியில் ஒடுங்கிவிடும் என்று கேட்டிருப்பீர்கள். மேலூர்ப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நானும் பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தேன். என் பிழையை எனக்குக் காட்டியது ஒரு மூங்கிற்கோல்.

கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்திருந்த ஜூன் மாதம். முற்றத்தில் ஒரு மீட்டர் உயரக் கோலை நட்டு, நண்பகல் நிழலை அளக்குமாறு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு சிறுமி தன் ஏட்டில் 24 சென்டிமீட்டர் என்று எழுதி, அதை அழித்துவிட்டுச் சுழி போட்டிருந்தாள்.

"ஏனம்மா அழித்தாய்?"

"நிழல் இருக்காது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், சார்!"

வெயிலில் நின்று தன் கையால் அளந்ததைவிட என் சொல்லை அவள் பெரிதாகக் கொண்டாள். ஆசிரியனுக்கு இதனினும் தலைக்குனிவு வேறுண்டோ? கரும்பலகையில் நான் எழுதியிருந்த வாக்கியத்தை அவளையே அழிக்கச் செய்தேன். அந்த நிழலோ தெற்கே, சத்துணவுக் கூடத்தை நோக்கி விழுந்திருந்தது!

காரணம் எளியது. மதுரை, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் உள்ளது. கதிரவனின் உச்சி நிலையோ ஆண்டுதோறும் வடக்கே 23½ பாகை வரையிலும் தெற்கே 23½ பாகை வரையிலும் சென்று திரும்புகிறது. ஆதலின் ஜூன் 21-ஆம் நாளையொட்டி நமக்கு வடக்கே நிற்கும் கதிரவன், நிழலைத் தெற்கே வீழ்த்துகிறது. டிசம்பர் 22-ஆம் நாளையொட்டி அதே கோலின் நிழல் வடக்கே 66 சென்டிமீட்டர் நீளும். நிழல் முற்றும் மறைவது ஆண்டில் இருமுறையே: ஏப்ரல் 16, ஆகஸ்டு 27 ஆகிய நாள்களையொட்டி.

கடிகாரம் 12 அடித்ததும் அளப்பதும் பிழைதான். இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. மதுரை அதற்கு மேற்கே இருப்பதால், நம் நண்பகல் சராசரியாகப் பதினேழு, பதினெட்டு நிமிடம் பிந்தும். பருவத்துக்கேற்ப அதுவும் சற்று மாறும். எனவே 11.50 முதல் 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு புளியங்கொட்டையை வையுங்கள். மிகக் குறுகிய நிழலே நண்பகல் நிழல். அது காட்டும் கோடு வடக்கு தெற்கு.

அதே கோல் கணக்கும் கற்பிக்கும். ஒரு நேரத்தில் கோலின் நிழல் 60 சென்டிமீட்டர். பக்கத்துப் பனையின் நிழல் 9 மீட்டர். பனையின் உயரம் 15 மீட்டர் என்பதை மரமேறாமலே பிள்ளைகள் கண்டார்கள்.

2007-இல் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அட்டைகளையும் மணிகளையும் பிள்ளைகளின் கையில் கொடுத்தன, நன்றே. ஆனால் அட்டையின் விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். முற்றத்து நிழலின் விடையை அவரும் அளந்தே அறிதல் வேண்டும். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஏப்ரல் 16 அன்று சென்னையில் ஒரு நண்பரையும் அளக்கச் சொல்லுங்கள். இங்கே நிழல் மறையும் நண்பகலில் அங்கே ஐந்தரை சென்டிமீட்டர் இருக்கும். அதாவது ஏறக்குறைய 3.15 பாகை. இரு நகரங்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தொலைவு சுமார் 350 கிலோமீட்டர். 360-ஐ 3.15-ஆல் வகுத்து 350-ஆல் பெருக்கினால் உலகின் சுற்றளவு, ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர், கிடைக்கும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் எரட்டோஸ்தனீஸ் கையாண்ட முறை இதுவே.

கோலை நடும்போது மட்டும் கொத்தனாரின் தூக்குக் குண்டைக் கொண்டு சரிபாருங்கள். ஒரு பாகை சாய்ந்தாலும் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் பிழைபடும்.