செவிமடுத்தல் எனும் கடமை



காதில் ஓசை விழுவது கேட்டல். சொல்பவரின் கருத்தையும் அதன் பின்னாலுள்ள கவலையையும் விளங்கிக்கொள்ள முயல்வதே செவிமடுத்தல். தொழில் புரியும் இடங்களில் நம்மில் பலர் கேட்டலோடு நின்றுவிடுகின்றோம். எதிரில் இருப்பவர் பேசி முடிக்குமுன்னரே நமது பதில் நாவின் நுனிக்கு வந்துவிடுகின்றது.

இதன் விபரீதத்தைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். 1977 மார்ச் 27ஆம் திகதி, ஸ்பெயினின் டெனெரீப் தீவிலுள்ள விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. நெதர்லாந்து விமானமொன்று மேலெழுவதற்காக ஓடத் தொடங்கியது. அதே ஓடுபாதையில் அமெரிக்க விமானமொன்றும் இருந்தது. நெதர்லாந்து விமானத்தின் பொறியியலாளருக்கு ஐயம் எழுந்தது. மற்றைய விமானம் விலகிவிட்டதா என வினவினார். அனுபவமிக்க தலைமை விமானியோ, விலகிவிட்டது என அழுத்தமாகக் கூறிவிட்டு விமானத்தைத் தொடர்ந்து செலுத்தினார். சில விநாடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் உயிரிழந்தனர்.

மூடுபனியும் வானொலித் தொடர்பில் நேர்ந்த தடங்கலும் இதற்குக் காரணங்களே. எனினும், கீழ்நிலையில் இருந்தவரின் ஐயம் காதில் விழுந்தும் ஆராயப்படவில்லை என்பதை மறுக்க இயலாது. அதன் பின்னர், கிடைத்த அறிவுறுத்தலை விமானிகள் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தும் நடைமுறை இறுக்கமாக்கப்பட்டது. வெறுமனே ‘சரி’ என்பது போதாதென்றாயிற்று. உடன் பணிபுரிவோரின் ஐயத்தை மதிக்கவும் தலைமை விமானிகளுக்குப் பயிற்சியளிக்கப்பட்டது.

அமெரிக்க உளவியலாளர்களான கார்ல் ரொஜர்ஸும் ரிச்சர்ட் பார்சனும் 1957ஆம் ஆண்டிலேயே இதனைத் தொழிற்றுறையினருக்கு எடுத்துரைத்திருந்தனர். ஒருவரின் கூற்றில் செய்தியும் உண்டு, உணர்வும் உண்டு. இரண்டையும் விளங்கினாலே செவிமடுத்தல் முழுமை பெறும் என்பது அவர்களது கருத்தாகும்.

இதனை நாம் எவ்வாறு நடைமுறைப்படுத்தலாம்? ஊழியர் ஒருவர் உங்களிடம் வந்தால் கையிலுள்ள கைபேசியைக் கீழே வையுங்கள். இடைமறியாது அவரைப் பேசவிடுங்கள். பின்னர் நீங்கள் விளங்கியதை அவரிடமே திருப்பிக் கூறுங்கள். “வியாழக்கிழமைக்குள் சரக்கு வந்து சேராது, அதனால் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வதென்று கவலைப்படுகின்றீர்கள். அப்படித்தானே?” எனக் கேளுங்கள். அவர் ‘ஆம்’ என்றால் நீங்கள் விளங்கிவிட்டீர்கள். ‘இல்லை’ என்றால், ஒரு பெருந்தவறு அவ்விடத்திலேயே தடுக்கப்பட்டுவிட்டது.

செவிமடுப்பதென்பது உடன்படுவதன்று. மறுப்பதாயினும் விளங்கியபின் மறுக்கலாம். ஆனால் ஒருமுறை அலட்சியம் செய்யப்பட்டவர் மறுமுறை வாய்திறக்கத் தயங்குவார். அன்று அவர் சொல்லாமல் விடுவது எதுவென்பதை எவர் அறிவார்?

ஆகவே நேயர்களே! நாளைக் காலை கடமைக்குச் செல்லும்போது, உங்களைவிடப் பதவியில் குறைந்த ஒருவரின் பேச்சையேனும் இறுதிவரை செவிமடுப்பதென உறுதிகொள்ளுங்கள்.