சத்தியத்தை மீறுடா தம்பி!

அடையாறில் ரூம் எடுத்துப் படிக்கும் தம்பியிடமிருந்து ராத்திரி போன். ''அண்ணே, ரூம்மேட் மூணு நாளா சாப்பிடலே. 'நான் இருந்து என்ன பிரயோஜனம்'ங்கறான். யார்கிட்டேயும் சொல்லாதேன்னு சத்தியம் வேற வாங்கிட்டான்!''

சத்தியத்தை மீறச் சொல்லுங்கள். பாவம் ஒட்டாது.

'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அட்வைஸ் வேண்டாம், காது கொடுத்தால் போதும். தனியே விடாமல், அவன் வீட்டுக்கும் காலேஜுக்கும் தகவல் போகட்டும்.

டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய 'சிநேகா' மயிலாப்பூருக்குப் பக்கத்தில், ராஜா அண்ணாமலைபுரத்தில்தான் இருக்கிறது. போன்: 044-24640050. 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த 'டெலி மானஸ்' 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். உயிருக்கே ஆபத்து என்றால் 108.

அப்புறம் தம்பியைக் கேளுங்கள்: ''நீ தூங்கினியாடா?'' காவல் இருக்கிறவனுக்கும் ஷிப்ட் மாற்றிவிட ஆள் வேணும் சார். இன்னிக்கு ராத்திரி அந்த ஆள் நீங்கதான்!