ஸ்க்ரூ தலை தேயாமல் இருக்க... பொருத்தமான பிட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பேட்டரி ஸ்பிரேயர், பிரஷ் கட்டர், பவர் வீடர், மோட்டார் ஸ்டார்டர் என ஏதாவது ஒரு கருவி இன்று எல்லா விவசாயிகளிடமும் இருக்கிறது. மருந்து அடிக்க வேண்டிய நாளில் ஸ்பிரேயர் நின்றுவிட்டால், உள்ளே ஒரு வயர் மட்டும் கழன்றிருக்கலாம். ஐந்து நிமிட வேலைதான். ஆனால், கையில் கிடைத்த ஸ்க்ரூடிரைவரால் திருகி, ஸ்க்ரூவின் தலையைத் தேய்த்துவிட்டால், கருவியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குத்தான் போக வேண்டும். பயிரில் இருக்கும் பூச்சி அதுவரை காத்திருக்காது.

தலை தேய்வதற்குப் பெரும்பாலும் காரணம், பிட் சரியாகப் பொருந்தாததுதான். ஒரே கைப்பிடியில் பல பிட்டுகளை மாற்றி மாட்டும் செட் ஒன்று வீட்டில் இருந்தால், முக்கால்வாசி வேலையை நீங்களே முடித்துவிடலாம்.

தலையைப் பாருங்கள், பிறகு பிட்டை எடுங்கள்!

ஸ்டார் (பிளஸ்): ஸ்பிரேயரின் அடிமூடி, சுவிட்ச் பெட்டி போன்றவற்றில் அதிகம் இருப்பது இதுதான். பிட்டின் மேல் பிஹெச் 1, பிஹெச் 2, பிஹெச் 3 என்று அளவு பொறித்திருக்கும். நடுத்தர ஸ்க்ரூக்களுக்கு பிஹெச் 2 பொருந்தும். சிறியவற்றுக்கு 1, பெரியவற்றுக்கு 3. சிறிய பிட்டைப் பெரிய குழியில் விட்டால், அது அடியில் மட்டும் பிடித்துச் சுற்றி, குழியை வட்டமாக்கிவிடும்.

மைனஸ்: பிட்டின் அகலம், ஸ்க்ரூவில் உள்ள பள்ளத்தின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். கனமும் பள்ளத்தை நிரப்ப வேண்டும்.

ஆறு முனை நட்சத்திரம்: இதன் பெயர் டார்க்ஸ். நம் ஊரில் பிளஸ் வடிவத்தையே ‘ஸ்டார்’ என்று சொல்வதால், கடையில் குழப்பம் வரும். ‘டார்க்ஸ்’ என்று சொல்லியே கேளுங்கள். ஸ்டில் நிறுவனத்தின் மரம் அறுக்கும் இயந்திரங்களிலும் பிரஷ் கட்டர்களிலும் டி 27 அளவு அதிகமாக இருக்கும். இதில் மைனஸ் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பக் கூடாது.

ஆலன்: ஆறு பட்டைக் குழி உள்ள போல்ட். பிரஷ் கட்டர் கைப்பிடி போன்ற இடங்களில் 4, 5 மி.மீ அளவுகள் அதிகம். அங்குல அளவுச் சாவி உள்ளே போனாலும் ஆடும். ஆடினால் பட்டை தேயும்.

கூரை ஸ்க்ரூ: மாட்டுக்கொட்டகைக்குத் தகரம் அடிக்கும் அறுகோணத் தலை ஸ்க்ரூ. இதற்குப் பெரும்பாலும் 8 மி.மீ காந்த சாக்கெட் பிட் தேவைப்படும். ரப்பர் வாஷர் தகரத்தோடு ஒட்டி, ஓரத்தில் லேசாகப் பிதுங்கும்போது நிறுத்துங்கள். நசுக்கிவிட்டால் ஒழுகும்.

திருகும் முறை

முதலில் ஆணியால் குழியில் உள்ள மண்ணைச் சுரண்டி எடுங்கள். பிளஸ் குழியின் சுவர் சரிவானது. திருகும்போது பிட்டை வெளியே தள்ளும். அதனால் பிட்டை நேராக நிறுத்தி, நன்றாக அழுத்திக்கொண்டு திருக வேண்டும். டிரில்லில் மாட்டினால், குறைந்த வேகத்திலும் முறுக்கு வளையத்தின் சிறிய எண்ணிலும் தொடங்குங்கள்.

பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டும்போது, முதலில் இடதுபக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ‘டக்’கென்று பழைய மரையில் இறங்கும். அதன் பிறகு வலதுபக்கம் முறுக்குங்கள். நேராக முறுக்கினால் புது மரை வெட்டி, பிளாஸ்டிக் பிடிப்பு போய்விடும்.

உரமும் மருந்தும் பட்ட ஸ்க்ரூ சீக்கிரம் துருப்பிடிக்கும். இரும்புப் பாகத்தில் மாட்டும் ஸ்க்ரூவின் மரையில் சிறிது கிரீஸ் தடவி மாட்டினால், அடுத்த முறை எளிதாகக் கழலும்.

முனை மழுங்கிய பிட் நல்ல ஸ்க்ரூவையும் கெடுக்கும். அதைத் தூக்கிப் போடுங்கள். வாங்கும்போது ‘எஸ் 2’ எஃகு என்று கேட்டு வாங்கினால் நீண்ட நாள் உழைக்கும்.

ஸ்டார்டர் பெட்டியில் கவனம்!

பிட் செட்டின் தண்டு முழுக்க இரும்பு. மின்சாரம் உள்ள இடத்தில் பயன்படுத்தவே கூடாது. மெயினை அணைத்து, பியூஸ் கேரியரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, டெஸ்டரால் எல்லா ஃபேஸ்களையும் சோதித்த பிறகே பெட்டியைத் தொடுங்கள். வயர் இணைப்பு ஸ்க்ரூ தளர்வாக இருந்தால் அந்த இடம் சூடாகிக் கருகும். ஒரு ஃபேஸ் விட்டுப்போனால் மோட்டாரே எரிந்துவிடும். அனுபவம் இல்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனை அழைப்பதே நல்லது.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

துருப்பிடித்து, தலையும் தேய்ந்த ஸ்க்ரூவை எப்படி எடுப்பது?

துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் பிட்டைக் குழியில் வைத்து, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அழுத்தித் திருகுங்கள். அப்படியும் வரவில்லை என்றால், தலை வெளியே துருத்தி இருக்கும் ஸ்க்ரூவில் ஆக்சா பிளேடால் ஒரு கோடு அறுத்து, மைனஸ் பிட்டால் கழற்றலாம். பெட்ரோல் டேங்க் அருகே தீப்பொறி வரும் எந்த வேலையும் வேண்டாம்.

பிரஷ் கட்டர் பிளேடு நட்டு எவ்வளவு முறுக்கினாலும் கழலவில்லையே?

பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் அது இடது மரை. வலதுபக்கம் சுற்றினால்தான் கழலும். இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றிவிட்டு, கியர் பெட்டியில் உள்ள துளையில் பூட்டுக் கம்பியைச் செருகிய பிறகு, அம்புக்குறி இருந்தால் அதைப் பார்த்துத் திருகுங்கள்.