சங்கிலி ரம்பம்: பழையதும் புதியதும்

சங்கிலி ரம்பம் என்பது, நீண்ட தகட்டின் விளிம்பைச் சுற்றி ஓடும் பற்சங்கிலியால் மரத்தை அறுக்கும் இயந்திரம் ஆகும். மரம் அறுக்கும் மிஷின் என்பது இதன் பேச்சுவழக்குப் பெயர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது, தஞ்சாவூர் மாவட்டத்தின் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. பாபநாசம் உள்ளிட்ட டெல்டா ஊர்களில் புயலுக்குப் பின் சாலையையும் கொல்லையையும் விரைந்து சீராக்க இக்கருவி தேவைப்படுகிறது. பழைய இயந்திரம் அதற்குப் போதுமா என்பதை அறிய அதன் இயக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வளர்ச்சி

ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926இல் மின்சாரத்தில் இயங்கும் ரம்பத்தை உருவாக்கினார். 1929இல் வந்த அவரது பெட்ரோல் ரம்பத்தின் எடை 46 கிலோ; இருவர் பிடித்து இயக்க வேண்டும். அக்காலச் சங்கிலிகளின் பற்கள் கைரம்பப் பற்களைப் போல மரத்தைச் சுரண்டின. மரத்தைக் குடையும் வண்டுப் புழுவின் தாடையைக் கவனித்த அமெரிக்கர் ஜோசப் காக்ஸ், 1947இல் மரத்தைச் செதுக்கி எடுக்கும் வளைந்த பல்லை அமைத்தார். இன்றைய சங்கிலிகளுக்கு அதுவே அடிப்படை.

அறுக்கும் வேகம்

1959இல் வந்த ஷ்டீல் கான்ட்ரா ஏறத்தாழ 12 கிலோ எடையும் 6 குதிரைத்திறனும் கொண்டது. 2019இல் வந்த அதே நிறுவனத்தின் எம்எஸ் 500ஐ 6.2 கிலோ எடையில் ஏறத்தாழ 6.8 குதிரைத்திறன் தருகிறது. திறனில் வேறுபாடு சிறிது, எடையோ பாதி.

திறன் என்பது இழுவிசை, வேகம் ஆகியவற்றின் பெருக்கற்பலன். பழைய பெரிய எஞ்சின் மெதுவாகச் சுழன்று, அழுத்தம் கொடுத்தாலும் நிற்காமல் அறுக்கும். புதியது வேகமாகச் சுழல்வதால் லேசாக வைத்தாலே அறுக்கும். மிகுதியாக அழுத்தினால் அதன் வேகம் குறையும். ஆகவே ஒரே மரத்தில், ஒரே நீளத் தகட்டையும் சமமாகத் தீட்டிய சங்கிலியையும் பூட்டிச் சோதிப்பதே முறையான ஒப்பீடு.

சங்கிலியின் கூர்மை

தென்னையின் வெளிப்பகுதி கடினமானது, நடுப்பகுதி மென்மையானது. வெளிப்பகுதி பற்களை விரைவில் மழுங்கச் செய்யும். கூரான சங்கிலி சீவல்களாக வெளியே தள்ளும். மழுங்கியது மாவு போன்ற தூளையே தரும். மழுங்கிய சங்கிலி பூட்டிய புதிய இயந்திரத்தைவிட, நன்கு தீட்டிய சங்கிலி பூட்டிய பழைய இயந்திரம் விரைவாக அறுக்கக்கூடும்.

பாதுகாப்பு

உண்மையான இடைவெளி இங்குதான் உள்ளது. தகட்டின் நுனி மரத்தில் இடித்தால் ரம்பம் அறுப்பவரை நோக்கி எகிறும். அப்போது சங்கிலியை நொடிப்பொழுதில் நிறுத்தும் தடுப்பு, புதிய இயந்திரங்களில் உண்டு. மிகப் பழையவற்றில் இல்லை. அதிர்வைத் தாங்கும் அமைப்பும் அவற்றில் இல்லாததால், நீண்டநேர வேலையில் விரல்களின் இரத்த ஓட்டம் பாதிக்கப்படலாம். புயலுக்குப் பின் நாள் முழுவதும் மரம் அறுப்பவருக்கு, சில நொடிகள் முன்னதாக அறுத்து முடிப்பதைவிட இந்தப் பாதுகாப்பே முதன்மையானது.