‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ எந்த வெள்ளி?

ஆங்கிலத்தில் ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்று குறிக்கப்படும் நாள் எது என்று கேட்டால், அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம்கூட ஒரே விடை கிடைப்பதில்லை. செவ்வாய்க்கிழமை பேசிக்கொண்டிருக்கும் இருவரில் ஒருவர் அத்தொடரை மூன்றாம் நாள் வரும் வெள்ளிக்கும், மற்றவர் பத்தாம் நாள் வரும் வெள்ளிக்கும் வழங்கக்கூடும். இனி முதலில் வருவதே ‘நெக்ஸ்ட்’ என்பது முன்னவர் கருத்தாக, முதலில் வருவதைச் சொல்லத்தான் ‘திஸ் ஃப்ரைடே’ இருக்கிறதே என்பது பின்னவர் வாதமாக அமையும். இரண்டும் நெடுநாள் வழக்குகள் என்பதால், ஒன்றைப் பிழையென்று ஒதுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையன்று பேசினால் சிக்கல் இன்னும் கூடுகிறது: அமெரிக்க நாட்காட்டிகளில் வாரம் பெரும்பாலும் ஞாயிறிலும், தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமாகிய ஐஎஸ்ஓ 8601-இல் திங்களிலும் தொடங்குவதால், ‘இந்த வாரப் புதன்’ ஒருவருக்கு வரவிருக்கும் நாளாகவும் இன்னொருவருக்குக் கடந்துபோன நாளாகவும் தோன்றலாம்.

இத்தகைய சொற்களை மொழியியலார் சுட்டுச்சொற்கள் என்பர். யார், எப்போது, எங்கிருந்து சொன்னார் என்பது தெரிந்தால்தான் அவற்றின் பொருள் முழுமையாகும். ஒருவர் சொன்னதை இன்னொரு நாளில் எடுத்துரைக்கும்போது ‘டுமாரோ’ என்பது ‘தி நெக்ஸ்ட் டே’ எனவும், ‘யெஸ்டர்டே’ என்பது ‘தி டே பிஃபோர்’ எனவும் மாறுவது இதனால்தான். பள்ளி இலக்கண நூல்கள் இதைக் காரணம் கூறாமல் அட்டவணையாக மனப்பாடம் செய்யவைப்பது வருந்தத்தக்கது. சான் பிரான்சிஸ்கோவில் திங்கள் இரவு எட்டு மணிக்கு எழுதப்படும் மின்னஞ்சல் சென்னையில் செவ்வாய் காலையில் வாசிக்கப்படுகையில், எழுதியவரின் ‘டுமாரோ’ வாசிப்பவருக்கு ‘டுடே’ ஆகிவிடுகிறது.

நாளை மாற்றும்போது எழும் மயக்கம் உளவியலாரின் ஆய்வுக்கும் பொருளாகியுள்ளது. புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் ‘மூவ்டு ஃபார்வர்டு’ என்று அறிவிக்கப்பட்டால் அது திங்களா, வெள்ளியா? காலம் தம்மை நோக்கி வருவதாகக் கருதுவோர் திங்கள் என்பர். தாமே காலத்தினூடே முன்னேறிச் செல்வதாகக் கருதுவோர் வெள்ளி என்பர். லெரா பொரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்கரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, பயணத்தில் மனம் தோய்ந்திருப்பவர்கள் வெள்ளி என்ற விடையையே மிகுதியாகத் தருவதைக் காட்டியது. இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிய ‘ப்ரீபோன்’ என்ற சொல்லைத் தூய்மைவாதிகள் ஏளனம் செய்தாலும், முன்தேதிக்கு மாற்றுவதைக் குறிப்பதில் அது ‘மூவ் ஃபார்வர்டு’ என்பதைவிடத் தெளிவானது. இந்தியாவுக்கு வெளியே அதைப் பலர் அறியாதது மட்டுமே அதன் குறை.

பிரிட்டனில் வழங்கும் ‘மண்டே வீக்’, அதாவது வரும் திங்களுக்கு ஒரு வாரம் கழித்து வரும் திங்கள், அமெரிக்கர்களுக்குப் புரியாமல் போகலாம். பதினான்கு நாளைக் குறிக்கும் ‘ஃபோர்ட்நைட்’ அமெரிக்காவில் அரிதாகவே வழங்குகிறது. ‘பைவீக்லி’ என்பதற்கு வாரம் இருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை என்ற இரு பொருளையும் அகராதிகள் தருவதால், அச்சொல்லைக் கைவிட்டு ‘ட்வைஸ் எ வீக்’ அல்லது ‘எவ்ரி டூ வீக்ஸ்’ என்று எழுதுவதே நன்று.

கிழமையையும் தேதியையும் சேர்த்து, மாதத்தின் பெயரை எழுத்தால் குறித்து, ‘ஃப்ரைடே, 12 ஜூன் 2026’ என எழுதினால் பெரும்பாலான ஐயங்கள் நீங்கும். 05/06 என்று எண்ணால் மட்டும் எழுதினால் இந்தியர் அதை ஜூன் ஐந்து என்றும் அமெரிக்கர் மே ஆறு என்றும் வாசிப்பர். கிழமையும் உடனிருந்தால், தேதியில் பிழை நேர்ந்தாலும் இரண்டும் பொருந்தாமை கண்ணில் படும். இறுதிக் கெடுவைக் குறிக்கையில் ‘ஃப்ரைடே மிட்நைட்’ என்று எழுதுவது மட்டும் இம்முறைக்கும் அடங்காதது. வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்று அது சொல்வதில்லை. அதனால்தான் கவனமாக எழுதப்படும் ஒப்பந்தங்கள் இரவு 11:59 அல்லது 12:01 என்று நிமிடக் கணக்கில் நேரத்தை வரையறுக்கின்றன.